பழைய காரில் ஏசி குளிரவில்லையா? கேஸ் ஏற்றும் முன் வயரைப் பாருங்கள்

கார்புரேட்டர் காலத்து மாருதி 800, ஆம்னி, ஜென், எஸ்டீம் போன்ற வண்டிகளில் ஏசி நின்றுபோனால் பெரும்பாலும் முதலில் சொல்லப்படும் வைத்தியம் கேஸ் ஏற்றுவதுதான். கேஸ் மூடிய குழாய்க்குள் சுற்றுகிறது. பழைய ரப்பர் ஹோஸ் வழியே சிறுகச் சிறுகக் குறையும். அப்போது குளிர்ச்சியும் வாரக் கணக்கில் மெல்ல மெல்லத்தான் மங்கும். நேற்று வரை நன்றாகக் குளிர்ந்து இன்று அடியோடு நின்ற ஏசியிலும், சில நேரம் ஓடிச் சில நேரம் நிற்கிற ஏசியிலும் முதல் சந்தேகம் வயரிங் மேல்தான் விழ வேண்டும். ஹோஸ் வெடித்திருந்தால் மட்டும் விதிவிலக்கு. அப்படி வெடித்த இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு பளிச்சென்று தெரியும்.

மின்சாரம் போகும் பாதை

இரண்டு தடங்கள் உண்டு. முதலாவது கட்டளை போகும் மெல்லிய தடம்: சாவி, ப்ளோயர் ஸ்விட்ச், ஏசி ஸ்விட்ச், தெர்மோஸ்டாட் (அல்லது குளிரை உணரும் தெர்மிஸ்டரும் அதைப் படித்துக் கட்டளையிடும் ஆம்ப்ளிஃபயர் பெட்டியும்), கேஸ் அழுத்தத்தைக் கவனிக்கும் பிரஷர் ஸ்விட்ச், கடைசியாக ரிலேயின் காயில் (சிறு கரன்டால் பெரிய கரன்டைத் திறந்து மூடும் ஸ்விட்ச்தான் ரிலே). இவை சங்கிலிபோல ஒன்றன்பின் ஒன்றாக இருப்பதால் எந்தக் கண்ணி விட்டாலும் கம்ப்ரஸர் ஓடாது. ப்ளோயர் போடாமல் ஏசி ஓடாததற்கும் இதுவே காரணம். இரண்டாவது சுமை இழுக்கும் தடம்: பேட்டரி, ஃப்யூஸ், ரிலேயின் 30, 87 என்று எண்ணிட்ட முனைகள், கம்ப்ரஸர் க்ளட்ச் காயில் (கரன்ட் வந்ததும் காந்தமாகி, பெல்ட் சுற்றும் புல்லியோடு கம்ப்ரஸரைச் சேர்ப்பது), அங்கிருந்து கம்ப்ரஸர் உடம்பு வழியாக எர்த். பல வண்டிகளில் க்ளட்சுக்கு ஒரே ஒரு வயர்தான் வரும். திரும்பும் பாதை கம்ப்ரஸரைப் பிடித்திருக்கும் பிராக்கெட்டும் இன்ஜின் எர்த் பட்டையும்தான். அதில் துரு ஏறினால் ஏசி நிற்கும். ஆனாலும் அந்தப் பட்டையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

கையில் வேண்டியவை: மல்டிமீட்டர், 21 வாட் பிரேக் லைட் பல்பில் இரண்டு வயர் பற்றவைத்த டெஸ்ட் லாம்ப், நடுவில் 10 ஆம்பியர் ஃப்யூஸ் உள்ள ஒரு ஜம்பர் வயர், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), உப்புத்தாள். எல்.இ.டி. டெஸ்டர் இந்த வேலைக்கு ஆகாது. பத்து இழைகளில் ஒன்பது அறுந்த வயரிலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும், எல்.இ.டி. எரியும், அவை இழுக்கும் கரன்ட் அவ்வளவு சொற்பம். 21 வாட் பல்ப் 1.75 ஆம்பியர் இழுக்கும். வயரில் சத்து இருக்கிறதா என்று அதுதான் காட்டிக்கொடுக்கும்.

எந்தச் சோதனைக்கும் முன் பேட்டரியை அளந்துகொள்ளுங்கள். இன்ஜின் நிற்கையில் 12.6 அருகே, ஓடுகையில் 13.8 முதல் 14.4 வரை இருக்க வேண்டும். இது சரியில்லாவிட்டால் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் பொருளில்லை.

அறிகுறி: ஏசி போட்டால் "டக்" சத்தமே இல்லை

இன்ஜினை நிறுத்தி, சாவியை ஆன் நிலையில் வைத்து, ப்ளோயரையும் ஏசியையும் போடுங்கள். க்ளட்சுக்குப் போகும் கப்ளரை (வயர்களை இணைக்கும் செருகி) கழற்றி, வண்டிப் பக்க முனைக்கும் பேட்டரி நெகடிவ்வுக்கும் நடுவே டெஸ்ட் லாம்பை வையுங்கள். சில வண்டிகளில் இன்ஜின் ஓடினால்தான் ஆம்ப்ளிஃபயர் கரன்ட் விடும். இக்னிஷன் காயிலிலிருந்து வரும் துடிப்பை வைத்து இன்ஜின் சுழற்சியை அது கணக்கிடுகிறது. அப்படிப்பட்ட வண்டியில் இன்ஜினை ஓடவிட்டு, பெல்ட்டிலிருந்து கையையும் துணியையும் தள்ளி வைத்துச் செய்யுங்கள்.

பல்ப் பளிச்சென்று எரிந்தால் வண்டியின் வயரிங் க்ளட்ச் வரை சரி. கோளாறு காயிலிலோ எர்த்திலோ இருக்கிறது. கப்ளரின் க்ளட்ச் பக்கத்தில் ஓம் அளந்தால் குளிர்ந்த நிலையில் 3 முதல் 5 ஓம் வரை வர வேண்டும். எண்ணே வராவிட்டால் காயில் அறுந்திருக்கிறது. 1 ஓமுக்குக் கீழே வந்தால் சுற்றுகள் ஒட்டிவிட்டன. அளவு சரியாக இருந்தால் கப்ளரைத் திரும்ப மாட்டி, கம்ப்ரஸர் உடம்பிலிருந்து பேட்டரி நெகடிவ்வுக்கு ஒரு தடித்த வயரை நேராகப் பிடித்துப் பாருங்கள். க்ளட்ச் ஒட்டிவிட்டால் எர்த் பட்டையைக் கழற்றி, இரு முனையையும் உப்புத்தாளால் தேய்த்து, கிரீஸ் தடவி இறுக்குவதோடு வேலை முடிந்தது.

பல்ப் எரியவே இல்லையென்றால் கப்ளரைத் திரும்ப மாட்டிவிட்டு ரிலேக்குப் போங்கள். ரிலேயைப் பிடுங்கி, சாக்கெட்டின் 30க்கும் 87க்கும் நடுவே ஜம்பர் வயரைச் செருகுங்கள். எண் அச்சிடாத ரிலேயாக இருந்தால் மீட்டரால் பிரித்தறியலாம்: எந்த இரண்டு பின்களுக்கு நடுவே 70 முதல் 120 ஓம் வருகிறதோ அவை காயில், மீதி இரண்டும் கான்டாக்ட். ஜம்பர் போட்டதும் க்ளட்ச் ஒட்டினால் சுமைத் தடம் முழுதும் சரி. ரிலேயோ கட்டளைத் தடமோதான் குற்றவாளி. ஒட்டாவிட்டால் 30ஆம் முனையில் பல்ப் எரிகிறதா பாருங்கள். அங்கேயே இல்லையென்றால் ஃப்யூஸ், ஃப்யூஸ் தாங்கி, பேட்டரி முனை. ஏசியைப் பின்னால் தனியாகப் பொருத்திய வண்டிகளில் பேட்டரி பக்கத்தில் ஒரு தொங்கல் ஃப்யூஸ் தாங்கி இருப்பதுண்டு. அதன் ஸ்பிரிங் தளர்ந்து, உள்ளே பச்சைக் களிம்பு படிந்திருக்கும். ஃப்யூஸ் நன்றாக இருந்தாலும் கரன்ட் போகாது. அதைச் சுத்தம் செய்து நேரத்தை வீணாக்காமல் பிளேடு ஃப்யூஸ் தாங்கியாக மாற்றிவிடுவது மேல்.

கட்டளைத் தடத்தைத் தேடும்போது ரிலே காயிலின் இரண்டு முனைகளையும் அளக்க வேண்டும். சில வண்டிகளில் பாசிட்டிவ் எப்போதும் இருக்கும், ஆம்ப்ளிஃபயர் எர்த் கொடுத்து ரிலேயை இழுக்கும். ரிலே செருகிய நிலையில் இரண்டு முனையிலும் 12 வோல்ட் தெரிந்தால் எர்த் கொடுப்பவர் கொடுக்கவில்லை என்று பொருள். வேறு வண்டிகளில் எர்த் நிலையாக இருக்கும், பாசிட்டிவ்தான் ஸ்விட்ச், தெர்மோஸ்டாட், பிரஷர் ஸ்விட்ச் எல்லாம் கடந்து வரும். அங்கே ஒவ்வொரு கண்ணியின் நுழைவிலும் வெளியேற்றத்திலும் பல்பை வைத்துப் பாருங்கள். நுழைவில் எரிந்து வெளியேற்றத்தில் எரியாத இடம்தான் விட்ட கண்ணி. ஆனால் ஆம்ப்ளிஃபயரின் முனைகளில் 21 வாட் பல்பை வைக்கக் கூடாது. உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர் 0.15 ஆம்பியர் அளவிலான ரிலே காயிலுக்காகச் செய்தது. அங்கே மீட்டர் மட்டும்.

பிரஷர் ஸ்விட்சில் விட்டிருந்தால் கொஞ்சம் நிதானம் தேவை. ஆர்134ஏ என்ற கேஸ் உள்ள வண்டிகளில் இது சுமார் 2 பாருக்குக் கீழேயும், ஸ்விட்சைப் பொறுத்து 26 முதல் 32 பாருக்கு மேலேயும் தொடர்பைத் துண்டிக்கும். அதன் கப்ளரில் இரு முனைகளையும் ஒரு நொடி இணைத்துப் பார்க்கலாம், அவ்வளவுதான். அப்படியே டேப் சுற்றி ஓட்டினால் கேஸ் இல்லாத கம்ப்ரஸர் எண்ணெய் சுற்றாமல் தேய்ந்து இறுகிவிடும். எண்ணெய் கேஸோடு சேர்ந்துதான் சுற்றுகிறது. இணைத்ததும் க்ளட்ச் ஒட்டினால் கேஜ் மாட்டி அழுத்தத்தைப் பாருங்கள். 30 டிகிரி வெயிலில் நிற்கும் வண்டியில் ஆர்134ஏ சுமார் 95 பி.எஸ்.ஐ., 35 டிகிரியில் 115 அருகே காட்டும். அந்த அளவு இருந்தும் ஸ்விட்ச் திறந்தே கிடந்தால் ஸ்விட்சை மாற்றுங்கள். ஓர் எச்சரிக்கை: உள்ளே ஒரு துளி திரவம் மிச்சமிருந்தாலும் நிற்கும் அழுத்தம் இதே எண்தான். ஆகவே இந்த எண் ஸ்விட்சைச் சோதிக்க உதவும். கேஸ் அளவு போதுமா என்று சொல்லாது.

அறிகுறி: காலையில் ஓடும், சூடானதும் நிற்கும், ஆறினால் திரும்ப வரும்

பழைய வண்டிகளில் ஆளை அலையவைக்கும் புகார் இதுதான். கடையில் கொண்டுபோய் நிறுத்தும்போது சரியாக ஓடும். கேஸ் ஏற்றி அனுப்புவார்கள். நெடுஞ்சாலையில் மறுபடி நிற்கும்.

காரணம் செம்பின் இயல்பு. ஒவ்வொரு டிகிரிக்கும் செம்பின் தடை சுமார் 0.39 சதவீதம் ஏறும். 25 டிகிரியில் 3.6 ஓம் உள்ள க்ளட்ச் காயில், இன்ஜின் அறையில் 100 டிகிரி தொட்டதும் 4.65 ஓம் ஆகும். 12.6 வோல்ட்டில் 3.5 ஆம்பியர் இழுத்தது 2.7 ஆம்பியராகக் குறையும். காந்தத்தின் இழுவிசை ஏறத்தாழ கரன்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால் விசை காலையில் இருந்ததில் அறுபது சதவீதம்தான் மிஞ்சும். புது வண்டியில் இதற்கும் இடம் விட்டுத்தான் வடிவமைத்திருப்பார்கள். வயதான வண்டியில் இதோடு களிம்பு பிடித்த கப்ளரில் ஒன்றரை வோல்ட் தொலைந்தால் கரன்ட் 2.4 ஆம்பியர், விசை பாதிக்கும் கீழே. கூடவே க்ளட்ச் தட்டும் தேய்ந்து இடைவெளி கூடியிருந்தால் காந்தம் எட்டிப் பிடிக்க முடியாது.

எனவே அளக்க வேண்டியவை இரண்டு: வழியில் தொலையும் வோல்ட், தட்டின் இடைவெளி.

வோல்ட் இழப்பை க்ளட்ச் ஒட்டியிருக்கும்போதுதான் அளக்க முடியும். கரன்ட் ஓடாத வயரில் இழப்பே இருக்காது. மீட்டரின் சிவப்பு முனை பேட்டரி பாசிட்டிவ்வில், கறுப்பு முனை க்ளட்ச் கப்ளரின் பின்பக்கம் குண்டூசி நுழைத்து. அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பாதையில் கோளாறு உண்டு. அடுத்து கறுப்பு முனையைப் பேட்டரி நெகடிவ்விலும் சிவப்பு முனையைக் கம்ப்ரஸர் உடம்பிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் என்றால் எர்த் கெட்டது. பாசிட்டிவ் பக்கம் இழப்பு இருந்தால் கறுப்பு முனையை ரிலேயின் 87, பிறகு 30, பிறகு ஃப்யூஸின் இருபுறம் என்று பின்னோக்கி நகர்த்துங்கள். எண் சட்டென்று விழும் இடத்தில் நில்லுங்கள். பெரும்பாலும் அது ரிலே சாக்கெட்டாக இருக்கும். பிளாஸ்டிக் பழுத்து நிறம் மாறியிருப்பதே சாட்சி. அந்தப் பின்னைக் கொறடால் நெருக்கிச் சமாளிப்பதைவிடப் புது சாக்கெட் போட்டு, 1.5 சதுர மி.மீ. வயரில் லக் அடித்து மாற்றுவதுதான் நிலைக்கும். சூடேறி மென்மையான பித்தளைக்குப் பிடிமானம் திரும்ப வராது.

இடைவெளியை ஃபீலர் கேஜால் சுற்றிலும் மூன்று இடத்தில் பாருங்கள். பெரும்பாலான க்ளட்சுகளுக்கு 0.3 முதல் 0.6 மி.மீ. சரி. 0.8 தாண்டினால் தட்டின் கீழே இருக்கும் ஷிம் (மெல்லிய வளையம்) ஒன்றை எடுத்துக் குறைக்க வேண்டும். சூடாகி நின்ற நிலையில் ஊர்ஜிதம் செய்ய எளிய வழி உண்டு: இன்ஜினை அணைத்து, சாவியும் ஏசியும் ஆனில் வைத்து, ஒரு மரக்குச்சியால் தட்டை உள்நோக்கி அழுத்துங்கள். "டக்" என்று ஒட்டி அங்கேயே நின்றால் காந்தம் உயிரோடு இருக்கிறது. விசை போதவில்லை, அவ்வளவே. இன்ஜின் ஓடும்போது ஒருபோதும் குச்சி வேண்டாம்.

அறிகுறி: ஃப்யூஸ் திரும்பத் திரும்பப் போகிறது

பெரிய ஃப்யூஸ் போடாதீர்கள். 10 ஆம்பியர் இடத்தில் 30 போட்டால் ஃப்யூஸுக்குப் பதில் டாஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள வயர் எரியும்.

ஃப்யூஸ் இருந்த இடத்தில் 21 வாட் டெஸ்ட் லாம்பை மாட்டுங்கள். ஷார்ட் இருந்தால் பல்ப் முழுதாக எரியும், ஆனால் 1.75 ஆம்பியருக்கு மேல் கரன்ட் போகாது, வயர் எதுவும் கருகாது. க்ளட்ச் கப்ளரைக் கழற்றுங்கள். பல்ப் அணைந்தால் குற்றம் அந்தப் பக்கம். க்ளட்ச் காயிலுக்குக் குறுக்கே ஒரு டயோடு போட்டிருப்பார்கள், அணைக்கும்போது எழும் மின்துள்ளலை விழுங்க. அது ஷார்ட்டானாலும், மாற்றும்போது தலைகீழாகப் போட்டாலும் ஃப்யூஸ் நொடியில் போகும். வெள்ளிக்கோடு உள்ள முனை பாசிட்டிவ் பக்கம் வர வேண்டும். டயோடு தொல்லை தருகிறது என்று வெட்டிவிடுவதும் தப்பு. அப்புறம் ரேடியோவில் "டப்" சத்தம் கேட்கும், ரிலே கான்டாக்ட் கருகும்.

பல்ப் அணையாவிட்டால் வயரை அங்கங்கே ஆட்டிக்கொண்டே போங்கள். பல்ப் மினுக்கும் இடம்தான் ஷார்ட். முதலில் பார்க்க வேண்டியவை: ஃபயர்வாலில் (இன்ஜின் அறைக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள தகட்டுச் சுவர்) வயர் நுழையும் துளையில் ரப்பர் இருக்கிறதா, கம்ப்ரஸர் பிராக்கெட்டில் வயர் உரசுகிறதா, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு அருகே இன்சுலேஷன் உருகியிருக்கிறதா. மழைக்காலத்தில் நாள் கணக்கில் நிறுத்திவைத்த வண்டியென்றால் எலி.

அறிகுறி: ப்ளோயர் கடைசி வேகத்தில் மட்டும் ஓடுகிறது

ரெசிஸ்டர் போய்விட்டது. குறைந்த வேகங்களுக்குக் கரன்ட் அந்தக் கம்பிச் சுருள்கள் வழியே போகும்; கடைசி வேகத்துக்கு அவற்றைத் தொடாமல் நேரே போகும். ரெசிஸ்டர் காற்றுக் குழாய்க்குள் உட்கார்ந்திருப்பது குளிர்வதற்காக. கூலிங் காயிலில் குப்பை அடைத்துக் காற்று குறைந்தாலோ, ப்ளோயர் மோட்டார் புஷ் இறுகி அதிகக் கரன்ட் இழுத்தாலோ அதிலுள்ள வெப்ப ஃப்யூஸ் உருகும். இந்தக் காரணத்தை விட்டுவிட்டு ரெசிஸ்டரை மட்டும் மாற்றினால் அதுவும் போகும். வெப்ப ஃப்யூஸைக் கம்பியால் இணைப்பது தீயை அழைப்பது.

ஜப்பானிய வடிவமைப்பு வண்டிகள் பலவற்றில் ப்ளோயர் ஸ்விட்ச் எர்த் பக்கத்தில் இருக்கும். அங்கே ஸ்விட்ச் அணைந்திருக்கும்போது மோட்டாரின் இரண்டு வயரிலும் 12 வோல்ட் காட்டும். "கரன்ட் வருது, மோட்டார் செத்துப்போச்சு" என்ற தவறான முடிவு இங்கேதான் பிறக்கிறது. மோட்டாரின் இரண்டு முனைகளுக்கு நடுவே அளந்தால்தான் உண்மை தெரியும்: கடைசி வேகத்தில், இன்ஜின் ஓடும்போது, 12.5 வோல்ட்டாவது வேண்டும். 11தான் வருகிறதென்றால் ஸ்விட்சின் கப்ளரைக் கழற்றிப் பாருங்கள், உருகியிருக்கும்.

அறிகுறி: ஓடும்போது குளிர்ச்சி, சிக்னலில் நின்றால் வெப்பக் காற்று

காரணம், கிரில்லின் பின்னால் சூடான கேஸை ஆற்றும் கண்டென்சருக்குக் காற்றிழுக்கும் ஃபேன். ஏசி போட்டதும் அது சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் நேரே பேட்டரியிலிருந்து கொடுத்துப் பாருங்கள். தட்டினால் ஓடத் தொடங்கும் மோட்டாரில் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது. மோட்டார் மாற்றிய வண்டியானால் சுற்றும் திசையையும் பாருங்கள். கிரில்லின் முன்னால் ஒரு தாளைப் பிடித்தால் அது உள்ளே இழுபட வேண்டும். வெளியே தள்ளினால் வயர்கள் மாறியிருக்கின்றன. ஃபேன் இல்லாமல் நிற்கும் வண்டியில் அழுத்தம் ஏறி, பிரஷர் ஸ்விட்ச் க்ளட்சைத் துண்டித்து, இறங்கியதும் மறுபடி சேர்க்கும். பார்ப்பதற்கு லூஸ் கனெக்‌ஷன் போலவே தெரியும்.

இரவில் ஹெட்லைட் போட்டு நிற்கும்போது மட்டும் ஏசி விட்டால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஹெட்லைட் 9 ஆம்பியர், ஃபேன் 8, ப்ளோயர் 15, க்ளட்ச் 3.5. ஐடிலிங்கில் பழைய ஆல்டர்னேட்டர் அதன் முழு அளவில் ஒரு பகுதியைத்தான் தரும். பேட்டரி முனையில் 12.5க்குக் கீழே இறங்கினால் பெல்ட் இறுக்கமும் ஆல்டர்னேட்டர் பிரஷும் பார்க்க வேண்டியவை.

அறிகுறி: ஏசி போட்டதும் இன்ஜின் தள்ளாடி அணைகிறது

கம்ப்ரஸர் சுமையை ஈடுகட்ட, ஏசி போட்டதும் ஒரு வேக்குவம் வால்வு திறந்து கார்புரேட்டரின் ஐடில் அப் டயாஃப்ரத்தை இழுக்கும். ஏசி போட்டால் சுற்று இறங்கக் கூடாது, 50 முதல் 100 வரை ஏற வேண்டும். வால்வுக்கு நேரே 12 வோல்ட் கொடுத்தால் "டிக்" கேட்க வேண்டும், வாயால் ஊதினால் வழி திறக்க வேண்டும். இரண்டும் சரியென்றால் வேக்குவம் ஹோஸில் வெடிப்பு தேடுங்கள்.

அறிகுறி: காற்று மெல்லக் குறைந்து நின்றுவிடும், அணைத்து வைத்தால் தண்ணீர் கொட்டும்

கூலிங் காயிலில் பனிக்கட்டி. க்ளட்ச் வெட்டவே இல்லை. முதலில் ரிலேயைப் பிடுங்குங்கள். பிடுங்கியும் க்ளட்ச் விடாவிட்டால் யாரோ நேர் வயர் கொடுத்திருக்கிறார்கள். பிடுங்கியதும் விட்டால், ரிலேயைத் திரும்பச் செருகி ஏசி ஸ்விட்சை மட்டும் அணைத்துப் பாருங்கள்; அப்போதும் ஓடினால் ரிலே ஒட்டிக்கொண்டது. இரண்டும் இல்லையென்றால் தெர்மோஸ்டாட். குழாய் வகையில் அந்த மெல்லிய செம்புக் குழாய் காயில் தகடுகளுக்குள் செருகியிருக்க வேண்டும், சர்வீஸில் வெளியே வந்திருக்கலாம். தெர்மிஸ்டர் வகையில் குளிரக் குளிரத் தடை ஏறும். ஐஸ் தண்ணீரில் முக்கினால் 25 டிகிரியில் காட்டியதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு வர வேண்டும். அதன் வயர் ஒன்றோடொன்று ஒட்டினால் ஆம்ப்ளிஃபயர் "இன்னும் சூடு" என்று நம்பி ஓட்டிக்கொண்டே இருக்கும். வயர் அறுந்தால் "பனி பிடித்துவிட்டது" என்று நம்பி ஓடவே விடாது. டாஷ்போர்டுக்கு அடியில் அறுந்த இரண்டு மெல்லிய வயர்களுக்காக ஆம்ப்ளிஃபயரையே மாற்றிவிடுவதும் நடக்கிறது.

வயரை இணைக்கும்போது முறுக்கி டேப் ஒட்டுவது கோடையில் நிற்காது, பசை உருகி வழுக்கிவிடும். லக் அடித்து, சூட்டில் சுருங்கும் குழாய் போடுங்கள். ஃபேனுக்கும் ப்ளோயருக்கும் 2.5 சதுர மி.மீ.க்குக் குறையாத வயர். எல்லாம் முடிந்ததும் நண்பகல் வெயிலில் அரை மணி நேரம் ஏசியோடு ஐடிலிங் விட்டு, க்ளட்ச் வயரிலும் கம்ப்ரஸர் உடம்பிலும் வோல்ட் இழப்பை மறுபடி அளந்து, அந்த இரண்டு எண்களையும் தேதியோடு ஃப்யூஸ் பெட்டி மூடியின் உள்பக்கம் எழுதி ஒட்டிவையுங்கள்.